முகம் தெரியாத எதிராளி

யாருக்கும் உடல் நோகாத, எவருடைய உடைமையும் சேதமடையாத, தவறு செய்தவர் இன்னார் என்று அக்கம்பக்கத்தார் அறியவும் முடியாத ஓர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே அறத்திற்கு வேலை உண்டா?

தத்துவம் பயில்வோருக்கு இது பழைய கேள்வி. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் கிளாக்கன் என்பவர் ஓர் இடையனின் கதையைக் கூறுகிறார். அணிந்தவரைப் பிறர் கண்ணிலிருந்து மறைக்கும் மோதிரம் ஒன்று அந்த இடையனுக்குக் கிடைக்கிறது. அதன் துணையால் அவன் அரசியைத் தன்வயப்படுத்தி, அரசனைக் கொன்று, ஆட்சியைக் கைப்பற்றுகிறான். அப்படியொரு மோதிரம் கிடைத்தால் நல்லவனும் தீயவனும் ஒன்றுபோலத்தானே நடப்பார்கள் என்பது கிளாக்கன் எழுப்பும் ஐயம்.

அந்த மோதிரம் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் கைகளுக்கே வந்துவிட்டது. இணையத்தின் வழியே விளையாடப்படும் கார்ப் பந்தயங்களை எண்ணியே இவ்வாறு கூறுகிறோம்.

இவற்றை அறியாத அன்பர்களுக்காகச் சிறு விளக்கம். திரைக்கு முன்னால் ஒரு ஸ்டீயரிங்கையும், காலடியில் பிரேக், ஆக்ஸிலரேட்டர் மிதிகளையும் பொருத்திக்கொண்டு, உலகின் வெவ்வேறு மூலைகளிலுள்ள இருபது முப்பது பேருடன் ஒரே நேரத்தில் பந்தயம் ஓட்டலாம். பெல்ஜியத்தின் ஸ்பா, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் போன்ற உண்மையான பாதைகளை லேசர் கருவியால் அளந்து, மேடு பள்ளங்களோடு திரையில் அமைத்திருக்கிறார்கள். டயர் தேய்வதுகூடக் கணக்கிடப்படுகிறது. ஒன்று மட்டும் அங்கே இல்லை: மோதினால் வலிப்பதில்லை.

ஆகவே ஒரு சபலம் எழுகிறது. வளைவில் முன்னால் செல்பவர் முறைப்படி பிரேக் போடுகிறார். பின்னால் வருபவர் பிரேக் போடாமல் அவர்மீது மோதி, அந்த மோதலாலேயே தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு திரும்பிவிடலாம். முன்னால் சென்றவர் பாதைக்கு வெளியே போய் விழுவார். மோதியவர் ஓரிடம் முன்னேறுவார். மோதியவரின் பெயர்கூடப் பெரும்பாலும் புனைபெயர்தான். கேட்டால் கிடைக்கும் பதில்: “விளையாட்டுத்தானே?”

விளையாட்டுத்தானே?

இந்தப் பதிலை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உடைந்தது உண்மையான கார் அல்ல; காயம் பட்டவர் யாரும் இல்லை. அப்படியானால் இங்கு நேர்ந்த தீங்குதான் என்ன?

பாதையை விட்டு விழுந்த அந்த மனிதரைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவர் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு இரவில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கியவராக இருக்கலாம். அந்த ஒரு பாதையை அறிந்துகொள்ள வாரம் முழுவதும் பயின்றிருக்கலாம். அவருடைய ஒரு மணி நேரம் முதல் வளைவிலேயே முடிந்துவிட்டது. கார் மாயை, செலவழித்த நேரமும் உழைப்பும் மாயையல்ல. எல்லாவற்றிற்கும் மேலாக, பக்கத்தில் வருபவரும் முறையாக ஓட்டுவார் என்று நம்பியே அவர் அந்த வளைவிற்குள் நுழைந்தார். முறிக்கப்பட்டது அந்த நம்பிக்கை. ஆகவே, திரையில் நடப்பதெல்லாம் பொய் என்று கூறுபவர், திரைக்கு அப்பால் இருப்பவரையும் சேர்த்துப் பொய்யாக்கிவிடுகிறார்.

இது சிறுவர்களிடம் மட்டும் காணப்படும் குறை என்று எண்ணிவிடக் கூடாது. 2020-ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றால் மைதானங்கள் மூடப்பட்டபோது, தொழில்முறைப் பந்தய வீரர்களே திரைப் பந்தயங்களில் இறங்கினர். அமெரிக்காவின் இண்டிகார் தொடரினர் நடத்திய அத்தகைய இறுதிப் பந்தயம் மே 2-ஆம் நாள் நடந்தது. முன்னணியிலிருந்த லாண்டோ நோரிஸுக்கு எதிரே, அதற்கு முந்தைய ஆண்டு உண்மையான இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை வென்ற சைமன் பஜெனோ வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார். இரு கார்களும் மோதின. நோரிஸின் வெற்றி வாய்ப்பு அத்துடன் முடிந்தது. அவரைத் தாமதப்படுத்தவே நினைத்ததாகவும், மோதுவது தம் நோக்கமல்ல என்றும் பஜெனோ பின்னர் விளக்கினார். மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் உண்மைப் பந்தயத்தில் இப்படிச் செய்ய எவரும் துணியமாட்டார் என்றே நமக்குத் தோன்றும்.

உயிர் பற்றிய அச்சம்தான் மனிதனை நேர்மையாக வைத்திருக்கிறதோ? அப்படியும் சொல்வதற்கில்லை. 1990-ஆம் ஆண்டு ஜப்பானின் சுசுகா பாதையில், உண்மையான கார்களில், முதல் வளைவிலேயே அயர்ட்டன் சென்னா தம் போட்டியாளர் அலைன் ப்ராஸ்ட்டின் மீது மோதினார். இருவரும் பந்தயத்தை விட்டு வெளியேறினர். அதன் பயனாக உலகப் பட்டம் சென்னாவுக்குக் கிடைத்தது. அது தாம் அறிந்தே செய்தது என்பதை மறு ஆண்டு அவரே ஒப்புக்கொண்டார். உயிருக்கு ஆபத்து இருந்தும் அவர் தயங்கவில்லை. அச்சம் அறத்திற்குக் காவலாகச் சில வேளை நிற்கும். அறமாக அது ஒருபோதும் ஆகாது.

எதிராளி தடையல்ல

கனடாவில் வாழ்ந்த தத்துவப் பேராசிரியர் பெர்னார்ட் சூட்ஸ் 1978-இல் வெளியிட்ட ‘வெட்டுக்கிளி’ என்ற நூலில், விளையாட்டு என்றால் என்ன என்பதற்கு ஓர் அழகிய விளக்கம் தருகிறார். தேவையில்லாத தடைகளைத் தாமே விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என்பது அவர் கருத்து. கோல்ஃப் பந்தைக் குழியில் போடுவதுதான் நோக்கம் என்றால், கையால் எடுத்துச் சென்று போட்டுவிடலாமே! அப்படி யாரும் செய்வதில்லை. செய்தால் பந்து குழியில் இருக்கும்; விளையாட்டு இருக்காது.

பந்தயமும் அவ்வாறே. எல்லைக்கோட்டை முதலில் தொடுவது மட்டுமே நோக்கம் என்றால், பாதையின் குறுக்கே புல்வெளியில் ஓட்டிச் செல்லலாம். விதியைக் கைவிட்டவன் வெற்றியைத் திருடியதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அவனுக்கு வெற்றி கிடைக்கவே இல்லை. வெல்வதற்குரிய பந்தயத்தையே அவன் அழித்துவிட்டான்.

இதிலிருந்து இன்னொரு முடிவும் பிறக்கிறது. பந்தயத்தை நான் தனியாக உண்டாக்க முடியாது. எதிராளியும் அதே விதிகளை ஏற்று, அதே நேரத்தில் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்வதால்தான் அது உண்டாகிறது. ஆகவே அவர் என் வெற்றிக்கு நடுவே கிடக்கும் கல் அல்ல. அந்த வெற்றிக்குப் பொருள் தரும் கூட்டாளி. வளைவில் பக்கவாட்டில் வந்துவிட்டவருக்கு ஒரு கார் அகல இடம் விடவேண்டும் என்பது பந்தய ஓட்டுநர்களிடையே நிலவும் மரபு. அந்த ஓர் அகல இடத்தில் ‘நீயும் இருக்கிறாய்’ என்ற ஒப்புதல் அடங்கியிருக்கிறது. வலியும் சேதமும் இல்லாத இடத்தில் ஒருவருக்கு நாம் தரக்கூடியது இந்த ஒப்புதல் ஒன்றே. எனவேதான் திரைப் பந்தயம் ஓர் உண்மையான சோதனைக்களம் ஆகிறது.

யார்மீது தவறு?

இந்த விளையாட்டுகளை உருவாக்கியவர்களும் இச்சிக்கலை உணர்ந்திருக்கிறார்கள். 2008-இல் பொதுமக்களுக்கு வெளியான ஐரேசிங் என்ற அமைப்பில், ஒருவரது திறமைக்கு ஒரு மதிப்பெண்ணும், பாதுகாப்பாக ஓட்டுவதற்கு வேறொரு மதிப்பெண்ணும் உண்டு. பாதையை விட்டு விலகினால் 1 குறைப்புள்ளி. கட்டுப்பாடு இழந்து சுழன்றால் 2. மற்றொரு காருடன் பலமாக மோதினால் 4. இதில் வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. மோதல் நேர்ந்தால் தவறு யாருடையது என்று கணினி ஆராய்வதில்லை. இருவருக்கும் புள்ளிகளை எழுதிவிடுகிறது.

இது அநீதியல்லவா? நீதிமன்றத்தின் அளவுகோலால் பார்த்தால் ஆம். பின்னாலிருந்து இடிக்கப்பட்டவர் என்ன குற்றம் செய்தார்? வேண்டுமென்றே மோதுபவர் மீது பதிவான காட்சியுடன் புகார் செய்ய அங்கே தனி வழி உண்டு என்றாலும், குறைப்புள்ளி குறைப்புள்ளிதான்.

ஆயினும் பயிற்சி என்ற அளவில் இதற்கு ஒரு பொருள் உண்டு. மோதலுக்குப் பின் மனம் முதலில் கேட்பது, “யார்மீது தவறு?” என்பதே. அதற்குப் பதில் கிடைத்தவுடன் மனம் அமைதியாகிவிடும். ஆனால் ஓட்டுநர் எதையும் கற்றிருக்க மாட்டார். “நான் இதைத் தவிர்த்திருக்க முடியுமா?” என்பது இரண்டாவது கேள்வி. முன்னால் இருவர் நெருக்கியடித்துப் போராடுவதைக் கண்டபோதே சற்றுப் பின்தங்கியிருக்கலாமோ? சுழன்று நின்ற நான், மற்றவர்கள் கடந்து செல்லும்வரை பொறுத்துப் பின்னர் பாதைக்குத் திரும்பியிருக்கலாமோ? இவ்வாறு கேட்பவரே வளர்கிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இரண்டாவது கேள்வியை ஒருவர் தம்மிடம் மட்டுமே கேட்டுக்கொள்ளலாம். பாதிக்கப்பட்டவரிடம் சென்று, “நீ ஏன் ஒதுங்கவில்லை?” என்று கேட்டால் அது கொடுமை. ஒரே வாக்கியம், தன்னை நோக்கினால் சாதனை. பிறரை நோக்கினால் பழி.

அஞ்சி நடத்தலும் அறிந்து நடத்தலும்

2017-இல் வெளிவந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் என்ற விளையாட்டில், போட்டிகளில் நுழையுமுன் பந்தய ஒழுக்கம் பற்றிய இரு காட்சிப்படங்களைப் பார்த்தாக வேண்டும். ஓட்டுநரின் ஒழுக்கத்திற்கெனத் தனித் தரவரிசையும் அதில் இருந்தது. அதன் இணையச் சேவை 2024 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. 2022-இல் வந்த கிரான் டூரிஸ்மோ 7 அந்தத் தரவரிசையைத் தொடர்கிறது.

தரம் குறைந்துவிடும் என்று அஞ்சி ஒழுங்காக ஓட்டுவது நற்பண்பாகுமா? உடனே ஆகாது. ஆனால் அதை இகழவும் வேண்டியதில்லை. கொடி படர்வதற்குக் கொம்பு வேண்டும். பழக்கம் பண்பாவதற்கு விதி வேண்டும். கொம்பையே கொடியென்று எண்ணிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கொடி வேர்பிடித்துவிட்டதா என்பதை எப்படி அறிவது? கணக்கு வைக்க யாரும் இல்லாத இடத்தில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதைக் கொண்டே அறியலாம். தம்மையறியாமல் ஒருவரை இடித்து அவரிடத்தைப் பெற்றுவிட்ட ஓட்டுநர் சிலர், சற்று ஒதுங்கி வேகத்தைக் குறைத்து, விழுந்தவர் எழுந்து வரும்வரை காத்திருந்து, அந்த இடத்தைத் திருப்பித் தந்த பிறகே தம் பந்தயத்தைத் தொடர்கிறார்கள். அதற்குப் பரிசுப்புள்ளி ஏதும் இல்லை. நேரம்தான் நஷ்டம். கிளாக்கனின் ஐயத்திற்கு, மோதிரத்தை அணிந்துகொண்டே இவர்கள் பதில் கூறிவிடுகிறார்கள்.

இடம் கொடுப்பதும் விட்டுக்கொடுப்பதும்

‘ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்’ என்ற சொல்லைத் தமிழாக்க முனைபவர் சற்றுத் தடுமாறவே செய்வார். ‘நேர்மை’ என்றால் விதி மீறாமை மட்டுமே தொனிக்கிறது. ‘பெருந்தன்மை’ என்றால் மேலிருந்து கீழே வழங்குவதுபோல் ஆகிவிடுகிறது. ‘விட்டுக்கொடுத்தல்’ என்றாலோ போட்டியே இல்லாமல் போய்விடுகிறது.

வருபவருக்கெல்லாம் வழிவிட்டுச் செல்பவரால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் அவர் பந்தயம் ஓட்டவும் இல்லை. எதிராளி நம்மிடம் எதிர்பார்ப்பது நம் முழுத் திறமையை. அதைத் தராமல் இருப்பதும் ஒருவகை அவமதிப்பே. எனவே இடத்தைக் கொடுக்க வேண்டும். வெற்றியைக் கொடுக்க வேண்டியதில்லை. இக்கருத்து நமக்குப் புதியதன்று. உயிருக்குப் போராடும் கதாயுத்தத்திலும் இடைக்குக் கீழே அடிக்கலாகாது என்று விதித்தது நம் மரபு. துரியோதனன் எத்தகையவன் என்பதை அறிந்திருந்தும், பீமன் அவன் தொடையில் அடித்ததைக் கண்டு பலராமர் சினந்தெழுந்தார். பகைவனுக்கும் நாம் செலுத்த வேண்டிய கடன் ஒன்று உண்டு என்பதே அச்சினத்தின் பொருள்.

அக்கடனை முழுமையாகச் செலுத்திய ஒருவரைப் பந்தய உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டு போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் நடந்த பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ் முதலிடமும், அவருடைய முக்கியப் போட்டியாளர் மைக் ஹாதோர்ன் இரண்டாமிடமும் பெற்றனர். பாதையில் எதிர்த்திசையில் காரைச் செலுத்தினார் என்று ஹாதோர்ன் மீது குற்றச்சாட்டு எழுந்தது. அது நிலைத்திருந்தால் அவர் தம் புள்ளிகளை இழந்திருப்பார். மாஸ் தாமாகச் சென்று, கார் பந்தயப் பாதையில் அல்ல, ஓரத்து நடைபாதையில்தான் சென்றது என்று சாட்சி கூறினார். புள்ளிகள் நிலைத்தன. ஆண்டின் முடிவில் ஹாதோர்ன் 42 புள்ளிகள், மாஸ் 41. ஒரே ஒரு புள்ளியில் உலகப் பட்டம் கைநழுவியது. பிறகு வாழ்நாளில் ஒருமுறைகூட மாஸுக்கு அது வாய்க்கவில்லை. அந்தப் பந்தயத்தின் வெற்றியை அவர் ஹாதோர்னுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. உண்மையை மட்டும் மறைக்க மறுத்தார்.

இன்று நம் வாழ்வின் பெரும்பகுதி முகம் தெரியாதவர்களோடுதான் கழிகிறது. தொலைபேசியின் மறுமுனையில் ஒருவர். குறுஞ்செய்திக்கு அப்பால் ஒருவர். சாலையில் கார்க் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர். முகம் மறைந்தவுடன் மனிதரும் மறைந்துவிட்டதாக மனம் நம்மை ஏமாற்றுகிறது. அந்த ஏமாற்றுக்கு இணங்காதிருக்கப் பழகும் இடமாக ஒரு விளையாட்டு அமையுமானால், அதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் ஒதுக்கிவிடலாகாது.

ஆகவே பெற்றோருக்கும் பெரியோருக்கும் ஒரு வேண்டுகோள். அளவோடு விளையாடச் சொல்வது உங்கள் கடமை, அதைச் செய்யுங்கள். அத்துடன், பந்தயம் முடித்து எழுந்து வரும் பிள்ளையிடம், “ஜெயித்தாயா?” என்று கேட்ட பின் இன்னொன்றும் கேளுங்கள்: “பக்கத்தில் வந்தவருக்கு இடம் விட்டாயா?” முதல் கேள்விக்கான பதிலைத் திரையே காட்டிவிடும். இரண்டாவதற்குப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும். சற்று யோசித்துச் சொல்லட்டும்.