ஆடையின் அளவும் அறத்தின் அளவுகோலும்

பேராதனையிலிருந்து கண்டி நகரை அண்மிக்கும் ஒருவர், ஹந்தானை மலைத்தொடரைப் பார்க்கும் அதே கண்களால் புடைவைக் கடைகளின் விளம்பரப் பலகைகளையும் பார்க்கிறார். அப்பலகைகள் குறித்து நம்மிடையே எழும் கண்டனம் பெரும்பாலும் ஒன்றே: பெண்ணின் ஆடை குறைகிறது, ஆகவே பண்பாடு கெடுகிறது. இக்கண்டனம் நோய் ஓரிடத்திலிருக்க மருந்தை வேறிடத்தில் இடுவதாகும்.

1995இல் இந்தியாவில் வெளியான ‘டஃப்’ காலணி விளம்பரத்தை நோக்குவோம். மிலிந்த் சோமனும் மது சாப்ரேயும், காலணியும் உடலைச் சுற்றிய மலைப்பாம்பும் தவிர வேறெதுவுமின்றி அதில் தோன்றினர். ஆபாச வழக்குத் தொடரப்பட்டது. 14 ஆண்டுகளின் பின்னர், 2009இல், அவர்கள் விடுவிக்கப்பட்டனர். ஆணும் பெண்ணும் ஒரே நிலையில் நின்ற படம் வழக்கைச் சந்தித்தது. முழு உடையணிந்த ஆடவன் நிமிர்ந்து நிற்க, அவனருகே பெண் ஓர் அணிகலன்போலச் சாய்ந்திருக்கும் படங்களோ வழக்கமான காட்சிகளாகவே கடந்துபோயின.

இத்தகைய படங்களையே சமூகவியலாளர் ஏர்விங் கொஃப்மன் 1970களில் வரிசைப்படுத்தி ஆராய்ந்தார். ஆண் பொருளை உறுதியாகப் பற்றியிருப்பான். பெண் அதனை விரல் நுனியால் வருடுவாள். அவன் நிற்பான்; அவள் படுத்திருப்பாள், அல்லது தலை சாய்த்திருப்பாள். ஈண்டு ஆராயப்பட்டது ஆடையின் நீளமன்று. யார் மேல், யார் கீழ் என்பதே.

மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்பது காண்ட் வகுத்த அறநெறி. “படத்தில் நிற்பவள் உடன்பட்டாள், ஊதியமும் பெற்றாள், இதிற் குற்றம் யாது?” எனச் சிலர் வினவுவர். அவ்வுடன்பாடு அவளுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கணக்கைத் தீர்க்கலாம். ஆனால் அப்படம் அவளைப் பற்றி மட்டும் பேசவில்லை. பெண்கள் எல்லோரையும் பற்றிப் பேசுகிறது. அவர்களிடம் யாரும் உடன்பாடு கேட்கவில்லை.

இவ்வளவுகோலை ஹந்தானைக்கே கொண்டு செல்வோம். அங்கு 1925இல் எழுந்த தொழிற்சாலைக் கட்டடம் இன்று தேயிலை நூதனசாலையாக உள்ளது. இலங்கைத் தேயிலை விளம்பரங்களில் நெடுங்காலமாகப் புன்னகைத்து நிற்பவள் கொழுந்து பறிக்கும் பெண். அவள் உடல் முழுதும் மூடியிருக்கிறது. பண்பாட்டுக் காவலர் அவளிடம் குறை காணார். ஆயினும் மழையும் அட்டையும் கூடையின் பாரமும் அப்படத்தில் இல்லை. 1984 வரை, ஒரே தோட்டத்தில் ஆணைவிடக் குறைந்த நாட்கூலியே அவளுக்குக் கிடைத்தது என்பதும் அதில் இல்லை. உழைப்பு மறைக்கப்பட்டுப் புன்னகை மட்டும் விலைபோகிறது.

ஆடை விளம்பரமும் இதனையே செய்கிறது. 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் தொடங்கப்பட்டது முதல், தையல் இயந்திரத்தின் முன் இளமையைக் கழித்த நம் நாட்டுப் பெண்கள் பலர். அவர்கள் தைத்த ஆடையை விற்கும் படத்தில் அவர்களுக்கு இடமில்லை. அணிபவள் பொருளாகிறாள், தைப்பவள் மறைந்துபோகிறாள். இரண்டும் ஒரே அநீதியின் இரு முகங்கள்.

அழகைக் காட்டுதல் குற்றமன்று. அழகிய ஆடையை விரும்புதலும் குற்றமன்று. பெண்ணை மூடுவதால் இவ்வநீதி தீராது என்பதைத் தேயிலைப் பொதியிலுள்ள படமே உணர்த்துகிறது. ஆகவே விளம்பரமொன்றைக் காணும்போது ஆடையை அளப்பதை விடுத்து, வேறொன்றைக் கேட்போம்: அப்பெண் இருக்கும் நிலையில் ஓர் ஆணை வைத்தால் படம் நகைப்புக்கிடமாகுமா? ஆகுமெனின், அந்நகைப்புக்குரியது அப்பெண்ணுக்கு மட்டும் இயல்பாகத் தோன்றுவதேன்? நமது கலைவிழாச் சுவரொட்டிகளிலிருந்தே இவ்வினாவைத் தொடங்குவோமாக.