மந்தையா, மக்களா?



பஸ்ஸிலே நெருக்குப்படும் சனத்தைப் பார்த்து “ஆட்டுமந்தை” என்கிறோம். வேலைக்கு வந்த கூலியாளை “மாடு” என்று ஏசுகிறோம். இச்சொற்களிலே மனிதனுக்குப் பெயரில்லை. தலைக்கணக்கு மாத்திரமே உண்டு.

ஆண்டவரும் மக்களை ஆடுகள் என்றார். ஆனால் ஏளனமாக அன்று. மேய்ப்பனில்லா ஆடுகள்போல் நின்ற மக்கள்மேல் மனமிரங்கினார் (மாற்கு 6:34). நல்லாயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பதாகக் கூறினார் (அருளப்பர் 10:3). ஈற்றில், சிலுவையிலே தாமே செம்மறியானார்.

ஆயர், மேய்ப்பர் என்னும் பெயர்களைத் தாங்கும் எங்களுக்கும் இதிலே எச்சரிக்கை உண்டு. மந்தையை விட்டுத் தம்மையே மேய்த்த ஆயர்களை எசேக்கியேல் இறைவாக்கினர் கண்டித்தார் (34:2). பங்கிலே எத்தனை ஏழைகளின் பெயர் எமக்குத் தெரியும்?

இவ்வாரம், நாம் ஏசிய ஒருவரிடமாவது சென்று அவர் பெயரைக் கேட்போமா?