கத்தி எவர் கையில்?

சென்ற ஆண்டு நம் தங்கைக்குப் பித்தப்பைக் கல் நோய் முற்றியது. செங்கற்பட்டில் பார்த்த மருத்துவர் சென்னைக்கு அனுப்பினார். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் இளம் அறுவை மருத்துவர் ஒருவர், "லேப்ராஸ்கோப்பி முறையிலும் செய்யலாம், ரோபோ முறையிலும் செய்யலாம் அம்மா. பின்னதற்குச் செலவு கூடும்" என்று கூறி, நம் விருப்பத்தைக் கேட்டார்.

ரோபோ என்றதும் இயந்திரம் தானே அறுக்கும் என்றுதான் நாம் எண்ணியிருந்தோம். அவ்வாறன்று. மருத்துவர் நோயாளியின் அருகில் நில்லாமல் சில அடி தொலைவில் அமர்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணக் காட்சியைக் கண்டவாறே கைப்பிடிகளை அசைக்கிறார். சிறு துளைகளின் வழியே உடலினுள் சென்ற கருவிகள் அவ்வசைவை நுண்ணிதாக்கிச் செய்கின்றன. கை நடுக்கமும் வடிகட்டப்படுகிறது. 2001 செப்டம்பரில் மருத்துவர் ழாக் மாரெஸ்கோ நியூயார்க்கில் அமர்ந்து, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் இருந்த 68 வயது மூதாட்டியின் பித்தப்பையை இவ்வண்ணமே அகற்றினார். நம் மாநில அரசும் 2022இல் சென்னை ஓமந்தூரார் வளாக மருத்துவமனையில் இவ்வசதியைத் தொடங்கி, ஏழை எளியோர்க்கும் எட்டச் செய்தது.

எனவே கடலுக்கு அப்பால் இருந்து செய்தாலும் செயல் மருத்துவருடையதே. கவனமின்மையால் உயிர்க்கு ஊறு விளைவிப்பதே இம்சை என்பது நம் ஆசிரியர்கள் வகுத்த இலக்கணம். கவனமும் கவனமின்மையும் உயிருக்கே உரியவை; இரும்பின்மேல் பழியை ஏற்ற வழியில்லை.

ஆயினும் ஓர் ஐயம் நம்மை விடவில்லை. மாமல்லபுரத்துச் சிற்பியர் உளி எழுப்பும் ஓசையாலேயே கல்லின் உட்பிளவை அறிவர். இப்போது அங்கும் மின்கருவிகள் வந்துவிட்டன. அவற்றின் இரைச்சலில் எந்த ஓசையைக் கேட்பது? ரோபோ கருவிகள் பலவற்றிலும் தசையின் இறுக்கத்தை மருத்துவர் கையால் உணர இயலாது, கண்ணால்தான் ஊகிக்க வேண்டும். 2024இல் வந்த புதிய வகையொன்றில் இக்குறை ஓரளவு தீர்ந்துள்ளது. அமெரிக்க முதியோர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பித்தப்பை அறுவைகளை ஆராய்ந்து 2023இல் வெளியான கட்டுரை, பித்தநாளக் காயம் லேப்ராஸ்கோப்பியில் ஆயிரத்துக்கு 2 என்றும், ரோபோ முறையில் 7 என்றும் காட்டியது. குற்றம் கருவியினதா, பழகாத கையினதா என்பது அறிஞர் ஆராய்தற்குரியது.

நாம் மருத்துவரை நேராகவே வினவினோம்: "இக்கருவியில் தாங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?" அவர் சிறிதும் மறைக்காமல், "மிகச் சிலவே அம்மா. மற்ற முறையில் நூற்றுக்கணக்கில்" என்றார். மற்ற முறையையே கேட்டுக்கொண்டோம். தங்கை மூன்றாம் நாள் வீடு திரும்பினாள்.

வண்டியில் வரும்போதுதான் மனம் உறுத்தியது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் முப்பது ஆண்டுகள், பாடக்குறிப்பைக் கையில் பிடித்து நடுங்கும் மாணவியரைப் பிறர் பிள்ளைகள் முன்தானே நிறுத்தினோம்? அப்பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு சொல் கேட்டோமில்லை. பின்வரிசையில் நாம் அமர்ந்திருந்தோம், பாடம் தடுமாறினால் எழுந்து ஏற்றுக்கொண்டோம் என்பது மட்டுமே நமக்குள்ள சமாதானம். இக்கருவியிலும் மூத்தவர் உடனமர்ந்து, வேண்டும்போது பொறுப்பை வாங்கிக்கொள்ள இரண்டாவது இருக்கை அமைப்பதுண்டாம். அந்த இளைஞரும் எவர் வயிற்றிலேனும் பழகித்தானே ஆகவேண்டும்? அங்கே இரண்டாவது இருக்கை உண்டா, அதில் எவர் அமர்வார் என்று நாம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.