பால் துறந்தார்க்கு ஒரு சொல்



கறவை மாடு படும் துன்பம் கண்டு பாலையும் துறந்தோர் இன்று நம்மிடையே உளர். போற்றத்தக்க துறவு. ஆயினும் சிலர் வைட்டமின் மாத்திரையையும் "செயற்கை" என ஒதுக்குகின்றனர், அது தகாது. 1948-இல் பிரித்தெடுக்கப்பெற்ற பி12 எந்தச் செடியும் ஆக்காத சத்து, நுண்ணுயிர்களே ஆக்குவன. கல்லீரலின் சேமிப்பால் குறை சில ஆண்டுகள் மறைந்திருக்கும். பின்னர்க் கால் மரத்து நரம்பு கெடும். காலந்தாழ்ந்தால் முற்றும் மீளாது.

நுண்ணுயிரை வளர்த்தெடுப்பதும் இம்சையன்றோ எனின், ஆம், ஓரறிவுயிர்க்கு. இல்லறத்தாரின் அணுவிரதம் முற்ற விலக்குவது இயங்குயிர்க் கொலையையே. ஔஷதத்தையும் நால்வகைத் தானத்துள் வைத்தனர் நம் ஆசாரியர்.

ஆராய வேண்டியது மாத்திரையின் உறை. ஜெலட்டின் விலங்கின் எலும்பிலும் தோலிலும் ஆவது. தாவர நாரால் ஆன உறையைக் கேட்டு வாங்குக. கதிரவன் மறையுமுன் உட்கொள்க.