செய் என்று சொல்ல முடியாத இடத்தில்

டெபியன் இயங்குதளத் திட்டத்துக்கு அரசியல் சாசனம் ஒன்று உண்டு. கிண்டலுக்குச் சொல்லவில்லை, அந்த ஆவணத்தின் பெயரே அதுதான். அதன் ஆரம்பப் பகுதியிலேயே ஒரு விதி வருகிறது. திட்டத்துக்காக வேலை செய்தே ஆகவேண்டும் என்ற கடமை யாருக்கும் கிடையாது. ஒப்படைக்கப்பட்ட வேலை பிடிக்கவில்லையா, செய்யாமல் விட்டுவிடலாம். முறைப்படி எடுத்த முடிவுகளுக்கு எதிராக முனைந்து வேலை செய்யாமல் இருந்தால் போதும்.

'செய்' என்று யாரும் யாரையும் பார்த்துச் சொல்ல முடியாத இப்படி ஓர் இடத்திலிருந்து 1993 முதல் ஓர் இயங்குதளம் வந்துகொண்டிருக்கிறது. அது ஆச்சரியம்தான். ஆனால் என்னை வருஷக்கணக்காகத் தொந்தரவு செய்வது இன்னொன்று. அதே இடத்தில் 'செய்யாதே' என்று சொல்ல முடிகிறது. அதுவும் மாதக்கணக்கில். சம்பளம் கொடுக்காத ஒருவர், சம்பளம் வாங்காத இன்னொருவரைப் பார்த்து, "உங்க வேலை நல்லாத்தான் இருக்கு, ஆனா இப்ப வேண்டாம்" என்கிறார். கேட்டவரும் பெரும்பாலும் சரி என்கிறார். இந்த 'வேண்டாம்' எங்கிருந்து அதிகாரம் பெறுகிறது?

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃப்ரீஸ். தமிழில் உறைவு என்கிறோம். மென்பொருள் பக்கம் வராதவர்களுக்காகச் சுருக்கமாக: டெபியன் என்பது பல்லாயிரம் பேக்கேஜ்களின் தொகுப்பு, ஒவ்வொன்றையும் யாரோ ஒரு தன்னார்வலர் தூக்கிச் சுமக்கிறார். சாதாரண நாட்களில் ஆளாளுக்குப் புதிய வடிவங்களை உள்ளே அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். ஓடுகிற வண்டியில் சக்கரம் மாட்டும் வேலை அது. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்து, 'நிலையானது' என்று முத்திரை குத்தி வெளியே விட வேண்டும். அந்த நிறுத்தம்தான் ஃப்ரீஸ். படிப்படியாக இறுகும். ட்ரிக்ஸி என்ற 13ஆம் வெளியீட்டுக்கு 2025 மார்ச் 15 அன்று பெரிய மாற்றங்களுக்குக் கதவு மூடியது. ஏப்ரல் 15 முதல் சின்னத் திருத்தங்கள் மட்டும். மே 15 அன்று இன்னும் இறுக்கம், ஜூலை 27 அன்று முழுப் பூட்டு. ஆகஸ்ட் 9 அன்று வெளியீடு.

அலுவலகத்திலும் கோட் ஃப்ரீஸ் உண்டு. ஒரு மெயில் வரும், நிறுத்திவிடுவோம். சம்பளம் வாங்குகிறவனிடம் 'இந்த வாரம் கை வைக்காதே' என்று சொல்வதில் அறக்கேள்வி எதுவும் இல்லை. தன்னார்வலரின் கதை வேறு. அவர் கொண்டுவருவது கொடை. ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு உட்கார்ந்து செய்தது. நம்மூரில் மொய் கொண்டுவந்தவரின் கையைத் தட்டிவிடுவது எவ்வளவு பெரிய அவமானம் என்று சொல்லத் தேவையில்லை, அதற்காக மூன்று தலைமுறை பேசாமல் இருப்பார்கள். ஆனால் பாருங்கள், பத்திரிகையிலேயே 'அன்பளிப்பைத் தவிர்க்கவும்' என்று அச்சடித்துவிட்டால் யாருக்கும் கோபம் வருவதில்லை. மறுப்பு அதே மறுப்புதான். முன்கூட்டியே, எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லியாகிவிட்டது, அவ்வளவே. உன் மொய் வேண்டாம், மாமன் மொய் மட்டும் வேண்டும் என்று மண்டப வாசலில் நின்று பிரிக்கவில்லை.

ஃப்ரீஸின் நியாயத்தில் பாதி இதிலேயே வந்துவிடுகிறது. தேதி முன்னமே தெரியும். எல்லோருக்கும் ஒரே தேதி. முடியும் என்பதும் தெரியும். இந்த மூன்றில் ஒன்று கழன்றாலும் கசப்பு சேரும். 2002 ஜூலையில் வெளிவந்த டெபியனுக்கு அடுத்தது 2005 ஜூனில்தான் வந்தது. 2012 ஜூன் 30 அன்று தொடங்கிய ஃப்ரீஸ் 2013 மே 4 வரை நீண்டது, பத்து மாதம். எப்போது திறக்கும் என்று தெரியாத கதவின் முன்னால் கொடையோடு நிற்கிறவர் எத்தனை நாள் நிற்பார்? அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மீதிப் பாதி நியாயம் எங்கே இருக்கிறது என்பதை மொழிபெயர்க்கப் போனபோதுதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டற்ற மென்பொருள்களின் சொற்களைத் தமிழாக்குவது எனக்கு ஒரு பழக்கம். க்னோம் போன்ற திட்டங்களில் சொல் ஃப்ரீஸ் என்று தனியாக ஒன்று உண்டு. அந்தத் தேதிக்குப் பிறகு திரையில் தெரியும் ஆங்கில வாசகங்களை மாற்றக்கூடாது, மாற்றியே ஆகவேண்டுமென்றால் தனி அனுமதி கேட்க வேண்டும். ஏன் இத்தனை கெடுபிடி? மூல வாசகத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அதன் மொழிபெயர்ப்பு 'ஐயத்துக்குரியது' என்று குறியிடப்பட்டு ஒதுக்கப்படும். திரையில் தமிழ் போய் ஆங்கிலம் வந்து உட்காரும். ஜெர்மன் குழு ஒரே நாளில் சரிசெய்துவிடும், அவர்களிடம் ஆள் இருக்கிறது. தமிழில் கை விட்டு எண்ணக்கூடிய பேர். ஒருமுறை, ஃப்ரீஸ் என்ற ஒழுங்கே இல்லாத ஒரு சின்னச் செயலியில், வெளியீட்டுக்கு முந்தின நாள் யாரோ வாசகங்களின் கடைசியில் இருந்த முற்றுப்புள்ளிகளை எல்லாம் எடுத்துவிட்டார். அழகுக்காகவாம். எங்கள் மூன்று வார வேலை அந்த வெளியீட்டில் வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தமிழ் என்று ஒரு கோப்பு அங்கே இருப்பதே அவர் கண்ணில் பட்டிருக்காது.

'கண்ணில் பட்டிருக்காது' என்பதுதான் விஷயம். எங்கள் ஊர் திருப்பருத்திக்குன்றம். காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருக்களைத் தாண்டி, வேகவதிக்கு அந்தப் பக்கம். ஜினகாஞ்சி என்று பழைய பெயர். இங்கே சமணக் கோயில் இருக்கிறது. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் கதைகள் ஓவியமாக ஓடுகின்றன. சமணத் துறவிகளின் சாதுர்மாச நோன்பைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே கேள்விப்பட்டிருக்கிறேன். மற்ற நாட்களில் ஓரிடத்தில் தங்காமல் நடந்துகொண்டே இருப்பதுதான் அவர்களுக்கு ஒழுக்கம், தங்கினால் பற்று வரும். மழைக்காலத்தில் மட்டும் நான்கு மாதம் நடையை நிறுத்துகிறார்கள். ஈர மண்ணில் புழுவும் பூச்சியும் முளைவிட்ட விதையும் நிறைந்திருக்கும், கால் வைத்தால் எதை மிதிக்கிறோம் என்று தெரியாது. நடப்பது தப்பில்லை. அதுவே கடமை. ஆனாலும் இந்தப் பருவத்தில் நம் நடை, நமக்குத் தெரியாத யாரையோ நசுக்கும் என்பதால் நிற்பது.

ஃப்ரீஸை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அது கட்டளை மாதிரி வெளியே தெரிந்தாலும் விரதத்துக்குத்தான் நெருக்கம். கட்டளையிடுகிறவன் அதற்கு வெளியே நிற்கலாம். விரதம் இருக்கிறவன் அப்படி நிற்க முடியாது. வெளியீட்டுக் குழுவில் இருப்பவரும் ஏதோ ஒரு பேக்கேஜைச் சுமப்பவர்தான், அவருடைய புதிய வடிவமும் வாசலில் காத்திருக்கும். தன் வேலைக்கு மட்டும் கதவைத் திறந்துகொண்டால் அன்றோடு அவர் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும்.

ஒப்புமை முழுசாகப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். துறவி தன் காலை மட்டும் நிறுத்துகிறார், ஃப்ரீஸ் அடுத்தவர் காலையும் நிறுத்துகிறது. பிறகு, சாதுர்மாசம் வடக்கத்தி நாட்காட்டியின்படி ஜூலை வாக்கில் தொடங்குகிறது. அது முடிகிற நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை இங்கே வந்து குழித்தறிகளுக்குள் தண்ணீரை இறக்குகிறது. எங்கோ தீர்மானிக்கப்படும் தேதி எல்லா ஊர் மழைக்கும் ஒத்துவராது. டெபியன் 12க்கான ஃப்ரீஸ் தொடங்கிய நாள் 2023 ஜனவரி 12, நம் போகிக்கு ரெண்டு நாள் முன்னால். பெரிய குற்றமில்லை. ஆனால் 'எல்லோருக்கும் ஒரே தேதி' என்பது எல்லோருக்கும் ஒரே சுமை ஆகாது. ஃப்ரீஸ் காலத்தில், தீராத பெரிய வழு உள்ள பேக்கேஜ் தானாகவே வெளியேற்றப்படும் என்று ஒரு விதி இருக்கிறது, முக்கியமானவை மட்டும் தப்பும். அதன் பொறுப்பாளர் அந்த மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாரா, அப்பாவுக்குக் காரியம் செய்துகொண்டிருந்தாரா என்று அந்த நிரல் கேட்காது.

நிற்பதை விரும்பாதவர்களின் வாதத்துக்கும் பலம் உண்டு. 2006 செப்டம்பரில் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் ஒரு சுத்திகரிப்பு நடந்தது. ஒரு பரிசோதனைக் கருவி எச்சரிக்கை தருகிறது என்று ஒருசில வரிகளை நல்லெண்ணத்தோடு நீக்கினார்கள். அதன் விளைவாக, சாவிகளை உருவாக்கும்போது கலக்க வேண்டிய தற்செயல்தன்மை போயே போய்விட்டது. ஒரு வகைக்கு 32,767 சாவிகள்தான் சாத்தியம் என்ற அளவுக்குச் சுருங்கியது. அடுத்து வந்த ஃப்ரீஸ் அதைக் கண்டுபிடிக்கவில்லை. 2007 ஏப்ரல் வெளியீட்டில் அந்த ஓட்டையும் சேர்ந்தே உறைந்து, 'நிலையானது' என்ற முத்திரையோடு போனது. வெளியே தெரிந்தது 2008 மே மாதம். நின்று பார்த்தால் எல்லாம் கண்ணில் படும் என்ற நம்பிக்கைக்கு இந்த ஒரு கதை போதும்.

அதே 2007 வெளியீட்டில் இன்னொரு கதையும் உண்டு. தேதி தள்ளிப்போகக்கூடாது என்று, வெளியீட்டு மேலாளர்களுக்குக் கொஞ்ச காலம் சம்பளம் கொடுக்க டங்க்-டேங்க் என்ற பெயரில் பணம் திரட்டினார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் 'அவருக்குக் காசு, எனக்கு நன்றியா?' என்ற கேள்வி எழுந்தது. சிலர் வெளிப்படையாகவே தங்கள் பங்களிப்பைக் குறைத்துக்கொண்டார்கள். 2006 டிசம்பரில் வரவேண்டியது ஏப்ரலுக்குப் போனது. காரணம் இது ஒன்றே என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபப்பட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சிலர் எழுதியது அநியாயம். சேர்ந்து விரதம் இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் கூலி என்றால், மற்றவர்களுக்கு அது வெறும் பட்டினி ஆகிவிடுகிறது.

அவசரத்தின் மறுபக்கத்தை 2024இல் பார்த்தோம். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருள், உலகத்து லினக்ஸ் எல்லாவற்றிலும் இருப்பது. லாசே காலின் என்பவர் வருஷக்கணக்காகத் தனியே சுமந்தது. 2022இல் முன்பின் தெரியாத பெயர்கள் சில வந்து, ஏன் இத்தனை மெதுவாகப் போகிறீர்கள், வேறு ஆளிடம் கொடுங்கள் என்று பொதுவெளியில் நெருக்கின. இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் நினைவூட்ட வேண்டியிருந்தது. கடைசியில் ஜியா டான் என்ற பெயரில் பொறுமையாக உதவிவந்தவர் உள்ளே வந்தார். 2024 தொடக்கத்தில் பின்கதவை வைத்தார். டெபியனின் நகரும் கிளைகளுக்குள் அது வந்துவிட்டது. மார்ச் 28 அன்று, உபுண்டுவின் பீட்டா ஃப்ரீஸ் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இந்தப் புதிய வடிவத்தை உபுண்டுவிலும் சேருங்கள் என்று அதே பெயரில் ஒரு விண்ணப்பம் வந்தது. மறுநாள் ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று துருவிப் பார்த்து, குட்டை உடைத்தார். டெபியனின் நிலையான வெளியீட்டில் அது இல்லை.

இதிலிருந்து கொடை கொண்டுவருகிற எல்லோரையும் சந்தேகிக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, அப்படி ஆரம்பித்தால் அடுத்த தன்னார்வலர் வரவே மாட்டார். எனக்கு உறைத்தது வேறு. காலினுக்கு 'இப்போ வேண்டாம்' என்று சொல்ல உதவும் ஒரு பொதுத் தேதி கிடையாது. மறுக்க வேண்டுமென்றால் தன் பெயரில், தன் களைப்பைக் காரணம் காட்டி மறுக்க வேண்டும். ஃப்ரீஸ் இருக்கும் இடத்தில் களைத்தவர் சும்மா தேதியைக் காட்டிவிடலாம். மறுப்பின் பழியை நாட்காட்டி ஏற்றுக்கொள்கிறது.

யாருக்காக இத்தனையும் என்றால், அந்தக் கூட்டத்தில் இல்லாதவர்களுக்காகத்தான். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனின் மேல் கட்டப்பட்டது. தமிழக அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் வந்தது. பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டுப் பிள்ளை ஒன்று அதைத் திறந்தபோது, யாரோ எங்கோ தன் புதிய வடிவத்தை நாலு மாதம் அடக்கி வைத்திருந்தது அதற்குத் தெரிந்திருக்க வழியில்லை. காத்திருந்தவருக்கும் அந்தப் பிள்ளையைத் தெரியாது.

டெபியனில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஒருவருடைய பேக்கேஜில் வழு, அவரைக் காணோம், ஃப்ரீஸ் இறுகுகிறது. இன்னொருவர் திருத்தித் தரலாம். ஆனால் நேராக உள்ளே தள்ளுவது மரியாதை இல்லை என்பதால், தாமத வரிசை என்ற ஒன்றில் போடுகிறார்கள். ரெண்டு நாள், ஐந்து நாள், அதிகபட்சம் பதினைந்து நாள். கூடவே உரியவருக்கு ஒரு கடிதம்: இதைச் செய்திருக்கிறேன், பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன். திருத்தம் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும். உரியவர் ஊரிலிருந்து திரும்பி வந்து, பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கடிதத்தைப் பார்க்கலாம். பார்க்காமலும் போகலாம். நாள் முடிந்ததும் அது தானாக உள்ளே போய்விடும்.