நூலக வாயிலில் வீடற்றவர்

அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானங்களை இல்லறத்தார்க்கு உரியனவாக நம் முன்னோர் வகுத்தனர். இவற்றுள் சாத்திர தானத்தின் வழியில் எழுந்தது பொது நூலகம் எனலாம். ஆனால் அறிவைத் தருவதற்கென்று எழுந்த அவ்விடம், எவரும் திட்டமிடாமலே அபயத்தையும் சேர்த்துத் தருவதாக ஆகிவிட்டது. அங்கே கூரை உண்டு, நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு, கட்டணம் இல்லை, ஏன் வந்தீர் என்று வினவுவாரும் இல்லை. ஆகவே வீடற்றவர்களும் அங்கு வருகின்றனர். அவர்களை நூலகம் எவ்வாறு நடத்த வேண்டும் என்பது சிறு வினாவாகத் தோன்றும். ஓராண்டுக்கு மேலாக நாம் இதனை எண்ணி வருகிறோம். எண்ணுந்தோறும் அது பெரிதாகியே வருகிறது.

இவ்வினா நீதிமன்றம் வரை சென்ற ஊர் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த மாரிஸ்டவுன் என்பது அவ்வூர். அங்குள்ள பொது நூலகத்திற்கு வீடற்ற ஒருவர் அடிக்கடி வந்து அமர்வது வழக்கம். அவர் பிறரை உற்று நோக்குகிறார், அவர்மீது வீசும் நாற்றம் பொறுக்க இயலவில்லை என முறையீடுகள் எழுந்தன. 1989-ஆம் ஆண்டில் நூலகத்தார் விதிகள் சிலவற்றை எழுதினர். படிப்பதோ நூலகப் பொருள்களைப் பயன்படுத்துவதோ இன்றி இருப்பவர் வெளியேற வேண்டும். பிறரை உற்றுப் பார்த்தும் பின்தொடர்ந்தும் தொல்லை தரலாகாது. உடல் தூய்மைக் குறைவினால் பிறர்க்கு இடையூறாக இருப்பவர் வெளியேற வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை. அம்மனிதர் வழக்குத் தொடுத்தார். 1991-இல் மாவட்ட நீதிபதி சாரோக்கின் அவ்விதிகள் செல்லா என்று தீர்ப்பளித்தார். வீடற்றவரைக் காண நம் கண்ணும் மூக்கும் கூசுமாயின், மாற்ற வேண்டியது அவர்தம் நிலையையே, பறிக்க வேண்டியது நூலகச் சீட்டை அன்று என்பது அவர் கருத்தின் சாரம். 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நூலகத்திற் சென்று அறிவு பெறும் உரிமை மக்களுக்கு உண்டு என்பதை அந்நீதிமன்றமும் ஏற்றது. ஆயினும் நூலகம் படிப்பு முதலிய குறிப்பிட்ட பயன்களுக்கென அமைந்த இடமாதலின், ஒருவர் மற்றவரின் பயன்பாட்டைக் கெடுக்காதிருக்க விதி செய்யலாம் என்று கூறியது.

சட்டத்தின் வேலை அத்துடன் முடிந்தது. நம் ஐயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நாற்றத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், மற்றவை எளியவை. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவது நிர்விசிகித்சை எனப்படும் உவர்ப்பின்மை. உடலின் அழுக்கைக் கண்டு அருவருக்காமை அது. அதற்கு எடுத்துக்காட்டாக நின்றவன் உத்தாயண மன்னன். நோயுற்ற முனிவர் வடிவில் தேவன் ஒருவன் வந்து உண்டதை அவன்மீதே கக்கியபோதும், மன்னன் முகம் சுளிக்காது பணிவிடை செய்தான் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். மேலும் நீராடாமையை மூலகுணங்கள் 28-இல் ஒன்றாக ஏற்ற திகம்பர முனிவரின் அடியில் நாம் விழுந்து வணங்குகிறோம். அங்கு நம் மூக்கு யாதொரு குறையும் சொல்வதில்லை. அங்ஙனமாயின் குளியாத உடல் என்பதொன்றே நம்மை விலக்குகிறது என்று நாம் கூறுவது உண்மையாகுமா? விலக்குவது வேறு ஏதோ ஒன்று. அதன் பெயரைச் சொல்ல நாம் வெட்கப்படுகிறோம்.

ஆனால் இவ்வொப்புமையை மிகவும் இழுத்துச் செல்லலாகாது. முனிவர் ஏற்றது விரதம். வீடற்றவருக்கு நேர்ந்தது இல்லாமை. நீரும் நேரமும் மறைவிடமும் கிடைத்தால் அவர் மகிழ்ந்து குளிப்பார். அவரைத் துறவியோடு ஒப்பிட்டுப் பெருமை பேசுவது அவருடைய துன்பத்தை நாம் அழகுபடுத்திக்கொள்வதாகும். இன்னொன்றும் உண்டு. உவர்ப்பின்மை என்பது ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் ஒழுக்கம். உத்தாயணன் தன் உடம்பின்மீது அதைத் தாங்கினான். பக்கத்து வீட்டுச் சிறுமியைத் தாங்கச் சொல்லவில்லை. வீட்டில் ஓரறையும் ஒரு விளக்குமே உள்ள குடும்பத்துப் பெண் தேர்வுக்குப் படிக்க நூலகம் வருகிறாள். ஏழைக்கு வேறிடம் இல்லை என்னும் நியாயம் அவளுக்கும் உரியதுதானே! மேசையின் மறுபுறத்து நாற்றத்தால் தலை சுற்றி அவள் எழுந்து போனால், ஒருவருக்கு அபயம் அளித்து மற்றொருவரின் சாத்திரத்தைப் பறித்தவர் ஆவோம். நாற்பதாண்டு அளவில் வகுப்பறையில் நின்ற நமக்கு அச்சிறுமியை மறந்து அறம் பேச இயலவில்லை.

எனவே உவர்ப்பின்மை நூலகருக்கு உரிய பண்பு. கூடத்திற்கு விதியும் வேண்டும் என்ற முடிவுக்கு நாம் வந்தோம். மாரிஸ்டவுன் விதியில் தூய்மையை எதிர்பார்த்தது பிழையன்று. வெளியேறுக என்று முடிந்த அவ்விதி எங்கே சென்று தூய்மை பெறுவது என்பதைச் சொல்லாது விட்டதே பிழை. நீர் தராமல் குளித்து வா என்பவர் செய்வது கட்டளை போலத் தோன்றும் விரட்டலே. குழாயைக் காட்டி, சவர்க்காரம் ஒன்றைக் கையிற் கொடுத்து, குளித்து வாருங்கள், உங்கள் நாற்காலியை வைத்திருக்கிறோம் என்று சொல்லும் நூலகருக்கே அவ்விதியைச் செலுத்தும் தகுதி உண்டு.

படிக்காதவர் வெளியேற வேண்டும் என்னும் விதியை நாம் அவ்வளவாக மதிக்கவில்லை. வெள்ளை வேட்டி உடுத்திய ஓய்வூதியர் செய்தித்தாளை மடியில் விரித்து உறங்குவதை எந்த நூலகர் எழுப்பியிருக்கிறார்? அதே உறக்கம் கிழிந்த சட்டைக்காரருக்கு மட்டும் குற்றமாகிறது. உற்றுப் பார்த்தலும் பின்தொடர்தலும் வேறு. அவை எவர் செய்யினும், அவர் வீடுள்ளவராயினும் இல்லாதவராயினும், அன்றே தடுக்கப்பட வேண்டும். பெண்கள் அஞ்சி வராத நூலகம் நூலகமாகாது.

இவ்வளவும் எழுதும் நாம் ஒருமுறை வேறு விதமாக நடந்தோம். 1984-ஆம் ஆண்டு மழைக்காலம். நாம் பணியாற்றிய ஊரின் கிளை நூலகத்தில் வாசகர் வட்ட உறுப்பினராக இருந்தோம். பேருந்து நிலையத்தில் படுத்துறங்கும் முதியவர் ஒருவர் மாலைதோறும் வந்து செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, விளம்பரம் உட்பட, விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பார். ஈரத் துணியின் நாற்றம் கூடமெங்கும் பரவும். மாணவிகளை அழைத்துச் சென்ற ஒருநாள், இவரை வைத்துக்கொண்டு பிள்ளைகள் எப்படிப் படிப்பது என்று நூலகரிடம் உரத்த குரலில் கேட்டுவிட்டோம். அவர் கேட்டார் போலும். செய்தித்தாளை மடித்து இருந்த இடத்தில் வைத்து, செருப்பைத் தேடி அணிந்து, மழையில் இறங்கினார். மீண்டும் வரவில்லை. நூலகத்தில் பொதுமக்களுக்குக் குழாய் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஐம்பது அடி தூரத்தில் நம் பள்ளி இருந்தது; அதனுள் கிணறும் மறைப்பும் இருந்தன; பள்ளி வாயிலின் சாவி அன்று நம் கைப்பையில் இருந்தது. அது நினைவிற்கு வரவே இல்லை. மாணவிகள் அன்று நம்மிடம் கற்றது எதுவோ, அதை எண்ணவும் மனம் கூசுகிறது.

அமெரிக்காவில் இச்சிக்கல் இன்று இன்னும் பெரிது. 2024 சனவரியில் ஒரே இரவில் அரசு எடுத்த கணக்கில் வீடற்றோர் 7,71,480 பேர். இரவுக் காப்பகங்கள் பல விடிந்ததும் தங்கியோரை வெளியே அனுப்பிவிடும். பொது இடத்தில் படுத்துறங்குவதைத் தண்டிக்கும் சட்டத்தை நகரங்கள் இயற்றலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 சூனில் கூறிவிட்டது. பகற்பொழுதில் அவர் நூலகம் அல்லாது எங்கே அமர்வார்? இதனை அங்குள்ள நூலகர்கள் முன்பே உணர்ந்தனர். அமெரிக்க நூலகச் சங்கம் ஏழைகளுக்கான நூலகப் பணி குறித்த கொள்கையை 1990-இலேயே ஏற்றது. சான்பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009-இல் சமூகப் பணியாளர் ஒருவரை அமர்த்தியது. அவர் வீடற்றோரிடம் பேசித் தங்குமிடம், மருத்துவம் முதலியவற்றிற்கு வழிகாட்டினார். முன்பு வீடின்றித் திரிந்து நிலைபெற்றவர்களையே அப்பணிக்குத் துணையாகவும் அமர்த்தினர். கழிப்பறையைக் குளியலறையாக்காதீர் என்று கூறுவதும் குளியலறை எங்கே உள்ளது என்று காட்டுவதும் அவர்கள் பணியாயின. செலவு அதிகம்தான், ஆனால் காவலரை அமர்த்துவதற்கும் செலவு உண்டே.

நம் நாட்டில் சிலர் வேறொன்று கூறுவர். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி நூலக வரி வீட்டுவரியோடு சேர்த்துப் பெறப்படுகிறது. வீடே இல்லாதவர் அவ்வரியைக் கட்டாதவர். பிறகு என்ன உரிமை என்பர். பள்ளிச் சிறுவன் எந்த வரி கட்டுகிறான் என்று நாம் கேட்டால் இவ்வாதம் நின்றுவிடும். அச்சட்டம் உருவாக உழைத்த அரங்கநாதன் அவர்கள் 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டபோது, ஒவ்வொரு வாசகர்க்கும் அவருக்குரிய நூல் என்றே விதித்தார். வாசகர் என்ற சொல்லுக்கு முன் எந்த அடைமொழியும் அவர் சேர்க்கவில்லை. நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முகவரி கேட்பது முறையே. உள்ளே அமர்ந்து படிப்பதற்கு முகவரி எதற்கு?

பெரியோர் நினைவாக நூலகங்களுக்கு நூல்கள் அளிக்கும் வழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. நம் அன்னையார் நினைவாக இவ்வாண்டு நூல்களுக்கு மாறாக, நாம் இப்போது வசிக்கும் ஊரின் நூலகத்தில் பின்புறம் குழாயும் கதவுள்ள குளியலறையும் அமைக்கும் செலவை ஏற்பதாக எழுதியிருக்கிறோம். நூல்களாகத் தந்தால் உடனே பெற்றுக்கொள்ளலாம், இதற்கு மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார் நூலகர். கேட்டுக்கொண்டிருக்கிறார்.