கடைசிப் பெயரில் ஒரு புள்ளி

ஆறு வருடம் டெஸ்க்டாப் சப்போர்ட்டில் இருந்தேன். ஒரு கல்லூரி அறக்கட்டளையின் அலுவலகம். தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே, யூ.பி.எஸ் அறையை ஒட்டி எங்கள் அறை. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் நாங்கள், நெட் வரவில்லை என்றால் நாங்கள், செமினார் ஹாலில் மைக் கத்தினாலும் ஏனோ நாங்கள்தான். பிறகு அதே நிறுவனத்தின் மூன்றாவது மாடிக்கு, மென்பொருள் அணிக்கு, வெப் டெவலப்பராக ஏறிப் போனேன். எல்லோரும் 'மேல போயிட்ட' என்றுதான் சொன்னார்கள். மாடி இருந்ததால் அது உண்மையாகவும் இருந்தது.

எப்படிப் போனேன் என்பதில் பெரிய கதை இல்லை. எச்.டி.எம்.எல், சி.எஸ்.எஸ், ஜாவாஸ்கிரிப்ட், அப்புறம் ரியாக்ட். எல்லோரும் சொல்லும் அதே வரிசை. இரவு ஷிஃப்டில் யூ.பி.எஸ் இரைச்சலுக்கு நடுவே படித்தேன். பிடித்த வலைப்பக்கத்தில் ரைட் கிளிக் செய்து, அதன் சோர்ஸைத் திறந்து, இதை எவன் எப்படிக் கட்டினான் என்று பார்ப்பது ஒரு போதையாகவே ஆகிவிட்டது. 14,000 சம்பளம் 27,000 ஆனது. என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அம்மாவுக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைத்தது. இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசும் வீடியோக்கள் இந்த அளவோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் பிடிபடவில்லை.

முதலில் கீழே இருந்தபோது எனக்கு என்ன தெரிந்திருந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்களுக்கு வரும் போன்களில் பாஸ்வேர்டு மறந்த கேஸ்கள்தான் அதிகம். 90 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி கட்டாயம். அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒரு அக்கா பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டி வைத்திருந்தார். நான் அவரைத் திட்டினேன். "அக்கா, இது வீட்டுச் சாவியை வாசல்லயே தொங்க விடற மாதிரி." அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க மாத்தச் சொல்லிட்டே இருந்தா நான் என்னப்பா பண்றது?" என்றார். வயதாகிவிட்டது, கம்ப்யூட்டர் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தில் பில் பர் என்பவர் 2003இல் எழுதிய ஒரு வழிகாட்டி. உலகம் முழுக்க அலுவலகங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. 2017இல், ஓய்வு பெற்ற பிறகு, ஒரு பத்திரிகைப் பேட்டியில் தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாகச் சொன்னார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் காரணமில்லாமல் பாஸ்வேர்டை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று வழிகாட்டியைத் திருத்தியது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசியில் உள்ள 1ஐ 2 ஆக்குவார்கள், அல்லது துண்டுச்சீட்டில் எழுதுவார்கள். அந்த அக்கா செய்தது அதைத்தான். தவறு அவருடையது இல்லை. நான் போய்ச் சொல்லவும் இல்லை. அவர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார்.

பில் பர் கெட்டவர் இல்லை. அவருக்கு அந்த அக்காவின் முகம் தெரியாது, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்தது, ஆனால் விதியை மாற்ற என்னிடம் அதிகாரம் இல்லை. சப்போர்ட் வேலையின் அமைப்பே இதுதான். பிரச்சினை உள்ள மனிதர் எதிரில் நிற்பார், அதன் காரணம் வேறு எங்கோ பூட்டி இருக்கும். டெவலப்பராக ஆனபோது சாவி கைக்கு வந்தது. எதிரில் யாரும் நிற்கவில்லை.

இப்போது புள்ளிக்கு வருகிறேன். எங்கள் கல்லூரியின் பழைய அட்மிஷன் ஃபார்ம் வெளியில் வாங்கியது. முதல் பெயர், கடைசிப் பெயர் என இரண்டு கட்டங்கள், இரண்டும் கட்டாயம். நம் பிள்ளைகளுக்கு ஒரு பெயர், ஒரு இனிஷியல். கடைசிப் பெயருக்கு எங்கே போவார்கள்? ஜூன் மாதம் ஆபீஸ் வாசலில் வரிசை நின்றுவிடும். ஒருநாள் எரிச்சலில் அந்தக் கட்டத்தில் வெறும் புள்ளி ஒன்றை வைத்துப் பார்த்தேன். ஃபார்ம் வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அதுவே வழக்கம். "லாஸ்ட் நேம்ல ஒரு புள்ளி வைம்மா, போயிடும்." எங்கள் சீனியர் அண்ணன் அதை ஒரு அட்டையில் எழுதிக் கவுண்டரில் ஒட்டியே வைத்தார்.

மாடிக்குப் போய் இரண்டு வருடம் கழித்து, அந்த ஃபார்மை மாற்றி எழுதும் வேலை என்னிடம் வந்தது. பழைய தரவைத் திறந்தேன். கடைசிப் பெயர் பத்தியில் புள்ளி, புள்ளி, புள்ளி. ஆயிரக்கணக்கில். என்ன குப்பை இது என்று நினைத்தேன். சத்தியமாக, என் மனதில் வந்த வார்த்தை அதுதான். அந்தக் கட்டத்தில் எழுத்துகள் மட்டுமே வரலாம், குறைந்தது இரண்டு, என்று தடுக்க ஒரு வரி எழுதினேன். தரவு சுத்தமாக வருகிறது என்று மீட்டிங்கில் பாராட்டினார்கள்.

அந்த ஜூனில் கீழேயிருந்து ஒரு டிக்கெட் வந்தது. பெயர்க் கட்டத்தில் பிரச்சினை, மாணவர்களால் மேலே போக முடியவில்லை. 'பயனர் தவறாக உள்ளிடுகிறார், சான்றிதழில் உள்ளபடி நிரப்பச் சொல்லவும்' என்று எழுதி மூடினேன். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுத்த வாரம் அண்ணன் மாடியேறி வந்தார். மூட்டுவலிக்காரர், சாதாரணமாக மேலே வரமாட்டார்.

"தம்பி, புள்ளி வைக்க விடமாட்டேங்குதே."

"எந்தப் புள்ளிண்ணே?"

"நீ கண்டுபிடிச்ச புள்ளிதான்டா."

ஃபார்ம் நகராததால் பிள்ளைகள் எதையோ போட்டு நகர்த்தியிருந்தார்கள். சிலர் அப்பா பெயர், சிலர் ஊர்ப் பெயர். சிலர் தங்கள் பெயரையே இரண்டாம் முறை. அது அப்படியே அடையாள அட்டையிலும் பட்டியலிலும் அச்சாகிவிட்டது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகைக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணின் ஃபைல், மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரும் எங்கள் பட்டியலில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்று எங்கள் ஆபீஸிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. அவளும் அவள் அம்மாவும் இரண்டு முறை பஸ் ஏறி வந்துபோயிருக்கிறார்கள். அம்மாவுக்கு இரண்டு நாள் கூலி போயிற்று. மூன்று பையன்கள் கடைசிப் பெயராகச் சாதிப் பட்டத்தைப் போட்டிருந்தார்கள்.

இந்தக் கடைசி விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தலைவர்கள் தங்கள் பெயரிலிருந்தே வெட்டி எறிந்தார்கள். நம் பெயர்களில் அந்தக் கடைசி இடம் காலியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதாவது அது யாரோ நிரப்ப மறந்த இடம் அல்ல, காலி செய்யப்பட்ட இடம். பேட்ரிக் மெக்கென்ஸி என்ற புரோகிராமர் 2010இல், பெயர்களைப் பற்றி எங்கள் தொழிலில் உள்ள 40 தவறான நம்பிக்கைகளைப் பட்டியல் போட்டார். எல்லோருக்கும் பெயர் இருக்கும் என்பதுதான் அதில் கடைசி. நான் அதைப் படித்துச் சிரித்து நண்பர்களுக்கு அனுப்பியவன். படித்தவன், சிரித்தவன், புள்ளியைக் கண்டுபிடித்தவன், எல்லாம் நானே. எழுத்துகள் மட்டும் என்ற வரியை எழுதியவனும் நானே.

ஒருவருக்குத் தெரியாமல் நடந்த தவறை நாம் பெரிதுபடுத்துவதில்லை. நியாயம்தான். ஆனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியுமா? தெரிந்திருந்தது. இடம் மாறியதும் போய்விட்டது. அரிஸ்டாட்டில் தன் நிகோமாக்கிய அறவியலில் குடித்துவிட்டுக் குற்றம் செய்பவனைப் பற்றிச் சொல்கிறார். சுயநினைவு இல்லாமல் செய்தேன் என்றால் அவனுக்குத் தண்டனை குறையாது, இரட்டிப்பாகும். ஏனென்றால் அந்த நிலைக்குப் போகாமல் இருப்பது அவன் கையில் இருந்தது. என் வழக்கு அவ்வளவு தெளிவானது இல்லை. நான் மறக்க வேண்டும் என்று குடிக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், மறக்க விரும்பினேன். சப்போர்ட் ஆளாகத் தெரியக்கூடாது என்பதில் மிகக் கவனமாக இருந்தேன். கீழே போய் டீ குடிப்பதை நிறுத்தினேன். 'யூசர்' என்ற சொல்லை மாடியில் எல்லோரும் சொல்வதைப் போல, லேசாக உதட்டைச் சுழித்துச் சொல்லப் பழகினேன். மேலே போவதற்கான தகுதியில் மறதியும் ஒன்று என்று யாரும் சொல்லித் தரவில்லை. நானாகவே கற்றுக்கொண்டேன்.

இதைச் சொன்னபோது அணியில் ஒருவர், "ப்ரோ, இது ப்ராசஸ் பிரச்சினை, டெஸ்டிங்கில் பிடிச்சிருக்கணும்" என்றார். சரிதான். டெஸ்டிங் இருந்திருந்தால் பிடித்திருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னதும் எனக்குள் வந்த நிம்மதியை நான் நம்பவில்லை. பொறுப்பைப் 'ப்ராசஸ்' மேல் போட்டுவிட்டால் அந்த அம்மாவின் கூலிக்கு யாரிடம் போய்க் கேட்பது? ப்ராசஸுக்கு மூட்டு இல்லை, மாடி ஏறி வராது. அதே சமயம் எல்லாம் என் ஒருவனுடைய மனசாட்சிதான் என்று நெஞ்சில் அடித்துக்கொள்வதிலும் ஒரு சுகம் இருக்கிறது. அதிலும் மையத்தில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பெண் இல்லை.

சனிக்கிழமைகளில் சப்போர்ட் அறையில் உட்காரட்டுமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "உன் ஒரு மணி நேரத்துக்கு என்ன காசுன்னு தெரியுமா?" என்றார். பிறகு சம்மதித்தார். இரண்டு சனிக்கிழமை போனேன். மூன்றாவது சனிக்கிழமை ஒரு ரிலீஸ் இருந்தது. அதன் பிறகு போகவில்லை. இதை மறைத்து, இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கலாம்.

செய்தது இவ்வளவுதான். கட்டத்தை ஒன்றாக்கினேன். 'மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி முழுப் பெயர்', எந்த எழுத்தும் குறியும் வரலாம், புள்ளி உட்பட. ஏற்கெனவே பதிவானவை 412. அவற்றை ஸ்கிரிப்ட் எழுதித் திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. எது உண்மையான கடைசிப் பெயர், எது ஃபார்ம் பிடுங்கிக்கொண்ட பெயர் என்று நிரலுக்குத் தெரிய வழி இல்லை. அவர்களைத்தான் கேட்க வேண்டும். அண்ணனும் நானும் பட்டியலைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து போன் செய்தோம். "காலேஜ்ல இருந்து பேசறோம்பா, உன் மார்க்‌ஷீட்ல பேர் எப்படி இருக்கோ அப்படியே ஒரு தடவை சொல்லு." பெரும்பாலானவர்கள் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். சலுகை கேட்ட அந்தப் பெண் எழுத்துக் கூட்டி, இரண்டு முறை சொன்னாள்.

பட்டம் போட்ட மூன்று பேரும் என் பாதியில் வரும்படி நானே மாற்றி வாங்கிக்கொண்டேன். இருவர் உடனே எடுத்துவிடச் சொன்னார்கள். மூன்றாமவன் கொஞ்சம் தயங்கி, "இருக்கட்டும் சார், கார்டுல வந்துடுச்சு, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க" என்றான்.

"மார்க்‌ஷீட்ல இல்லையேப்பா. அதை ஏன் போட்ட?"

"நீங்கதான சார் கேட்டீங்க."